பொழிச்சலூரில் ஏழு சங்கு

ஞானசௌந்தரி எழுதிய நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் ஆள் கேசவன். அவரும் கால் உடைந்து கட்டிலில் கிடந்ததால்தான் படித்தார். படித்ததோடு விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

ஞானசௌந்தரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் அலுவலகப் பொறுப்பு. வீடு பொழிச்சலூரில், விமானங்கள் மொட்டை மாடித் துணிக்கொடியை உரசுவதுபோல் இறங்கும் தெருவில். அந்தத் தெருவில் யாரும் பேச்சை முடிப்பதற்குள் ஒரு விமானம் வந்துவிடும். பேசுகிறவர் அப்படியே வாயைத் திறந்தபடி நிற்பார். கேட்கிறவரும் தலையைச் சாய்த்தபடி காத்திருப்பார். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும்.

தினமும் அவள் பல்லாவரத்தில் ரயிலேறினாலும் நேராக பீச்சுக்குப் போவதில்லை. எதிர்த்திசையில் தாம்பரம் வரை போய், அங்கே காலியாகக் கிளம்பும் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் பிடித்துக்கொள்வாள். உட்கார்ந்தால்தானே எழுத முடியும்? கூட வேலைக்குப் போகிற பெண்கள் கீரை ஆய்ந்தார்கள், பூக் கட்டினார்கள், தூங்கினார்கள். ஞானசௌந்தரி உலகத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பழக்கம் தாம்பரத்துப் பழைய கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த நாளில் வந்தது. தோழிகள் காதல் கதைகளைத் தேடி எடுத்தபோது, அவள் இயந்திரங்கள் மனிதர்களை ஆளுகிற நாவல்களாகத் தேடித் தேடிப் படித்தாள். அந்த நகரங்களில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. எல்லாச் சுவருக்கும் கண் இருக்கும். யாரும் யாரையும் திட்டமாட்டார்கள், யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். எவனோ ஒருத்தன் திடீரென்று விழித்துக்கொள்வான், அவன் கதை கந்தலாகும். படித்துவிட்டு ஹாஸ்டலில் விளக்கணைக்கப் பயப்படுவாள். ஆனால் அவளுக்கு ஒரு குறை. இந்த அநியாயமெல்லாம் எப்போதும் லண்டனிலும் அமெரிக்காவிலும்தான் நடந்தது. பல்லாவரத்துக்கு ஒரு கெட்ட எதிர்காலம் வரக்கூடாதா என்ன?

அப்படிப் பிறந்ததுதான் ‘ஏழு சங்கு நகரம்’. வருங்காலத்தில் தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல் எல்லாம் ஒட்டி ஒரே நகரமாகிவிடுகிறது. பல்லாவரம் மலைமேல் தலைமைப் பொறி என்று ஒரு இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழு முறை சங்கு ஊதும். பழைய ஆலைகளில் ஊதுமே, அந்தச் சங்கு. முதல் சங்குக்கு எழுந்திருக்க வேண்டும், அடுத்ததற்குக் குளிக்க வேண்டும், இப்படியே ஐந்தாவதற்கு ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஆறாவதற்கு எல்லாரும் சிரிக்க வேண்டும், ஏழாவதற்குத் தூங்க வேண்டும். முகில் என்கிற இளைஞன் நாலாவது சங்குக்கும் ஐந்தாவது சங்குக்கும் நடுவில் ஒரு கொய்யாப்பழம் தின்றுவிடுகிறான். அந்த ஒரு கொய்யாவுக்காக மீதி நாவல் முழுக்க அவனை வறுத்தெடுக்கிறார்கள். கடைசியில் அவனே அந்தச் சங்கை ஊதுகிற ஆளாகிவிடுகிறான். அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு ஞானசௌந்தரி சைதாப்பேட்டையிலிருந்து மாம்பலம் வரை அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

குரோம்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒருவர் அதைப் புத்தகமாக அடித்துக் கொடுத்தார். விற்காத பிரதிகள் ஆட்டோவில் வீடு வந்து கட்டிலுக்கு அடியில் குடியேறின. விற்காதவை என்றால் அநேகமாக எல்லாமும். கணவர் எலியேசர் நல்ல மனிதர், வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். நாவலை அவர் மூன்று தடவை ஆரம்பித்தார். மூன்று தடவையும் இரண்டாவது சங்கோடு தூங்கிப் போனார். அதன் பிறகு ஞானசௌந்தரி அதை விசேஷ வீடுகளுக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோக ஆரம்பித்தாள். அவர்கள் குடியிருந்த ‘கற்பக விருட்சம்’ அடுக்குமாடியில் யார் வீட்டு விசேஷமானாலும், அவள் கையில் தட்டையான பார்சலைப் பார்த்ததும் அந்த வீட்டுக்காரர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். எதிர்வீட்டு சந்திரிகா வீட்டில் அது மாவரைக்கும் கிரைண்டரின் ஆடுகிற காலுக்கு அண்டக் கொடுத்திருந்தது. ஞானசௌந்தரி அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் காபி குடித்துவிட்டு வந்தாள்.

கேசவன் வீட்டுக்கும் அப்படித்தான், பெரிய மகன் கல்யாணத்துக்கு ஒரு பிரதி போயிருந்தது. அவரும் அதே கட்டடத்தில்தான் குடியிருந்தார், அது நிற்கிற இடமே கேசவன் குடும்பத்து நிலம்தான். பம்மல் சாலையில் மணல், ஜல்லி, சிமென்ட் வியாபாரம். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். ஒரு மழைநாளில் பைக் வழுக்கிக் கால் உடைந்தது. கையிலிருந்த போன் தண்ணீர் லாரிச் சக்கரத்தில் போய்விட்டது. புதுப் போன் வாங்கித் தருவதாகச் சொன்ன சின்ன மகன் தீனா இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். விட்டத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கேசவன், கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஒரே புத்தகத்தை எடுத்தார்.

ஒரு வாரம் கழித்து, வாக்கரை டக்கு டக்கென்று ஊன்றிக்கொண்டு ஞானசௌந்தரி வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

“மேடம், உங்க புக்கை முடிச்சிட்டேன். ஒரு எடத்துல அழுதுட்டேன்.”

 எந்த இடம் என்று கேட்டாள்.

“அந்த அஞ்சாவது சங்கு. மொத்த ஊரும் தட்டு எடுத்துகினு ஒண்ணா உட்காருது பாருங்க. ‘அந்த வேளையில் நகரத்தில் ஒரு கரண்டிகூடத் தனியாக ஒலிக்கவில்லை.’ இன்னா மாதிரி எழுதிகீறீங்க மேடம்.”

அந்த வாக்கியத்தை அவள் கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் எத்தனையோ நாள் அடித்து அடித்து எழுதியிருந்தாள். நாவலிலேயே பயங்கரமான வாக்கியம் அதுதான் என்பது அவள் எண்ணம். இவருக்கோ அதைச் சொல்லும்போதே கண் கலங்குகிறது. தொடர்ந்து அவர் முகிலைப் பற்றிப் பேசினார். ஆரம்பத்தில் அவன் கொஞ்சம் உருப்படாத பையனாக இருந்தாலும், கடைசியில் சங்கு ஊதுகிற நல்ல வேலை கிடைத்துப் பொறுப்பாகிவிட்டதில் தனக்கு ரொம்பத் திருப்தி என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அது பயமுறுத்துவதற்காக எழுதியது, அந்த நகரம் ஒரு நரகம் என்று. ஆனால் தான் எழுதிய வாக்கியத்தை இன்னொருவர் மனப்பாடமாகச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. காபியா டீயா என்று கேட்டாள்.

கால் சரியானதும் கேசவன் குடியிருப்போர் சங்கத்துக்குச் செகரட்டரி ஆனார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை, ஏனென்றால் அந்த வேலை யாருக்கும் வேண்டாம். கற்பக விருட்சத்தில் மோட்டார் போடுவதற்குச் சண்டை, போட்ட மோட்டாரை நிறுத்துவதற்குச் சண்டை. குப்பைக்காரர் வந்து போன பிறகுதான் எல்லாருக்கும் குப்பை ஞாபகம் வரும். காலையில் முன்னால் நிற்கிற காரின் சொந்தக்காரர் குளித்துக்கொண்டிருப்பார், பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். முந்தைய செகரட்டரி ரத்தக்கொதிப்பு வந்து மடிப்பாக்கத்தில் மகள் வீட்டுக்கே போய்விட்டார்.

கேசவன் குரோம்பேட்டையில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து சங்கு வாங்கிவந்து மொட்டை மாடியில் பொருத்தினார். முதல் தடவை ஊதியபோது நாலு தெருப் புறாக்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. தெருவுக்கு எதிர்ப்புறத்து வீட்டுப் பெரியவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து யுத்தம் வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

முதல் சங்குக்கு மோட்டார். இரண்டாவதற்குக் குப்பை வாசலுக்கு வர வேண்டும். மூன்றாவதற்கு வண்டிகள் வரிசையாக வெளியேற வேண்டும். இப்படி ஏழு சங்கையும் பிரித்து, சாப்பாடு, சிரிப்பு, தூக்கம் என்ற கடைசி மூன்றையும் நாவலில் உள்ளபடியே அவர் வைத்தார். இரும்பு கேட்டில் முகத்தைப் பார்த்துத் திறக்கிற கேமராவும், பேசுகிற பெட்டியும், வீட்டுக்கு வீடு ஒழுங்குப் புள்ளி போடுகிற ஆப்பும் வந்தன. எந்தச் சந்தேகம் வந்தாலும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நாவலாசிரியையிடமே வருவார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு போட்டிருந்தார். தலைமைப் பொறியின் குரல் ஆணா பெண்ணா என்று ஒருநாள் கேட்டார். ‘வயது தெரியாத ஒரு பெண்குரல்’ என்று நாலாம் அத்தியாயத்தில் இருப்பதை அவள் எடுத்துக் காட்டினாள். காட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கேட் வேலை செய்யத் தொடங்கிய அன்று காலை எல்லாரும் கீழே கூடியிருந்தார்கள். கேசவன் பெருமையாகப் பொத்தானை அழுத்தினார். வயது தெரியாத ஒரு பெண்குரல் பேசியது.

“வணக்கம். நான் சௌந்தரி. உங்கள் முகத்தைக் காட்டுங்கள்.”

கேசவன் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். எல்லாரும் கைதட்டினார்கள். எலியேசர்தான் ரொம்ப நேரம் தட்டினார்.

அன்றிலிருந்து ஞானசௌந்தரிக்குப் பால்கனியில் நிம்மதியாக நிற்க முடியவில்லை. மாடிப்படியில் யாராவது சொல்லிக்கொண்டு போவார்கள். சௌந்தரி காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. சௌந்தரிக்குக் கண் மங்கிவிட்டது, துடைக்க வேண்டும். நேற்று மழையில் நனைந்து சௌந்தரிக்கு லூஸ் கனெக்‌ஷன். எலியேசர் கீழேயிருந்து வழக்கம்போல மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட் திறந்துகொண்டது. அவருக்கு இதில் ஒரே குஷி. தான் கூப்பிட்டதும் ஒரு சௌந்தரியாவது உடனே கேட்கிறாள் என்று பாடகர் குழுவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

இதில் அவளை அதிகம் கலக்கியது ஒன்றுதான். திட்டம் நன்றாக வேலை செய்தது. தொட்டி நிரம்பியது. குப்பை போனது. கார்கள் ஹாரன் அடிக்காமல் வெளியே போயின. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு குடும்பங்கள், சண்டை போட விஷயமில்லாமல் பேச ஆரம்பித்தன. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, ஆறாவது சங்குக்கு எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய் வட்டமாக நின்று சிரித்தார்கள். உடம்புக்கு நல்லது என்றார்கள். வாட்ச்மேன் அப்பாதுரைக்கு மட்டும்தான் வேலை கூடியிருந்தது. கேட்டைத் திறக்கிற வேலை போய், கேட்டுக்கு அடையாளம் தெரியாதவர்களிடம் அதன் சார்பில் வருத்தம் தெரிவிக்கிற வேலை வந்திருந்தது.

வீட்டுக்கு ஒரு புத்தகம் கட்டாயம் என்று கேசவன் அறிவித்தார். கட்டிலுக்கு அடியில் பல வருஷத்துக்குப் பிறகு தரை தெரிந்தது. எலியேசரின் காணாமல்போன செருப்பு ஒன்றும் கிடைத்தது. இப்போது மாடிப்படியில் எல்லாரும் நாவலைப் பற்றிப் பேசினார்கள். அவள் கனவு கண்டதெல்லாம் இதுதான். ஆனால் பேசியதைக் கேட்டால் தலை சுற்றியது. சந்திரிகா கிரைண்டருக்கு அடியிலிருந்து தன் பிரதியை மீட்டுப் படித்திருந்தாள். அந்த முகிலுக்கு ஐந்தாவது சங்கு வரைக்கும் பொறுக்க முடியாதா, அப்படியென்ன கொய்யாப்பழ ஆசை என்று அவள் கேட்டாள். தலைமைப் பொறி பாவம், ஒண்டி ஆளாக எவ்வளவுதான் பார்க்கும் என்றும் பரிதாபப்பட்டாள்.

மாதக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஞானசௌந்தரி முடிவு செய்தாள். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எழுந்து நின்றாள். இந்த வகை நாவல்கள் எதற்காக எழுதப்படுகின்றன என்று சொன்னாள். இயந்திரம் கெட்டது என்று தான் சொல்லவில்லை, மனிதர்கள் தங்கள் பசியையும் சிரிப்பையும் தூக்கி இயந்திரத்தின் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை என்றாள். நல்ல ஆங்கிலக் கல்லூரிப் பேச்சு. கடைசியாக, தான் எழுதிய நகரம் ஒரு நரகம் என்று அவள் சொன்னபோது தலைக்கு மேல் விமானம் வந்தது. எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். சத்தம் போனதும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள்.

“அது நரகம்னு சொன்னேன்,” என்றாள்.

கேசவன் நிஜமாகவே குழம்பிப்போனார். கேலியாக இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நரகத்துல தண்ணி வருமா மேடம்?”

கூட்டம் சிரித்தது. ஆறாவது சங்குக்குச் சிரிப்பதைவிட நன்றாகவே சிரித்தது. ஞானசௌந்தரி உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கிடையில் ஒழுங்குப் புள்ளியில் கடைசி இடம் யாருக்கு என்று பார்த்தால் அவளுக்குத்தான். மக்கும் குப்பையில் பால் கவரைப் போட்டாள். சங்கு ஊதும்போது ஏதாவது எழுதிக்கொண்டிருந்தாள். சிரிக்கிற நேரத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள். நாவல் எழுதினவரே இப்படி இருக்கலாமா என்று சந்திரிகா அன்பாகக் கேட்டாள். ஊரில் எல்லாரும் சந்தோஷமாக இருக்க, தனக்கு மட்டும் மூச்சு முட்டுகிறது. தான்தான் முகில் போலிருக்கிறது என்று ஒருநாள் ரயிலில் அவளுக்குத் தோன்றியது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அவள் பல்லாவரத்திலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். அன்றைக்குத்தான் புதுக் கண்ணாடி மாற்றியிருந்தாள். கேட்டுக்கு முன்னால் முகத்தைக் காட்டினாள்.

“மன்னிக்கவும். உங்களைச் சௌந்தரிக்குத் தெரியவில்லை.”

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். தலையைத் துவட்டிப் பார்த்தாள். பெட்டி அதையே சொன்னது. அப்பாதுரை விழுப்புரத்துக்குப் போயிருந்தார், எலியேசர் பாட்டுப் பயிற்சியில் இருந்தார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“நான்தான் சௌந்தரி.”

“சௌந்தரி இங்கே இருக்கிறேன். சொல்லுங்கள்.”

இத்தனை வருஷத்தில் அவள் எழுதிய எந்த வசனமும் இந்த அளவுக்குப் பயமாக இருந்ததில்லை. எதிரிலிருந்த மளிகைக்கடைக் கூரைக்குக் கீழ் ஒதுங்கி, கேசவனுக்குப் போன் செய்தாள்.

கேசவன் குடையோடு கேட் பக்கத்துச் சின்ன வழியாக வெளியே ஓடிவந்தார். அந்த வழியின் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. அதன் வழியாக உள்ளே விடுங்கள் என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். அடையாளம் தெரியாதவர்கள் அடுத்த சங்கு வரைக்கும் வெளியே காத்திருக்க வேண்டும், ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது, எழுதினவருக்கே விதிவிலக்கு கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார். சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது தெரிந்தது. மளிகைக்கடையில் இரண்டு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டார். தானும் உட்கார்ந்தார். விதியையும் மீற மாட்டேன், உங்களைத் தனியாகவும் விட மாட்டேன் என்கிற மாதிரி குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் ஒரு பக்கம் நனைந்தது.

 இந்த நாவலில் உங்களுக்கு அப்படி என்ன பிடித்தது, உண்மையைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள்.

“அதான் சொன்னேனே மேடம். அந்த அஞ்சாவது சங்கு.” சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க வூட்ல நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்ட்டு எத்தினி வருசம் ஆவுது தெரியுமா? நான் கடையாண்ட நின்னுகினே சாப்பிடுவேன். பெரியவனும் மருமகளும் ஓஎம்ஆர்ல தனியா போய்ட்டாங்க. தீனா போனைப் பார்த்துகினு மாடில சாப்பிடுவான். அங்காளம்மா அடுப்பாண்டயே நின்னுகினு. கேட்டா ஒருத்தருக்கும் டைம் ஒத்து வரலைன்றாங்க. சங்குன்னு ஒண்ணு ஊதினா வந்துடுவாங்கன்னு நெனச்சேன்.”

வந்தார்களா என்று கேட்டாள்.

“அஞ்சாவது சங்கு ஊதினதும் நான் போய் உட்காருவேன். நான் மட்டும்தான். ஊரே சாப்பிடுது, எங்க வூட்ல மட்டும் ஒண்ணும் ஆவல.”

ஞானசௌந்தரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரையும் பயமுறுத்துவதற்காக வைத்த ஒரு காட்சியில் இந்த மனிதர் தன் வீட்டுச் சாப்பாட்டைத் தேடியிருக்கிறார். தப்பாகப் படித்துவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சங்கு ஊதியது. கேசவன் பாய்ந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, மன்னித்துக்கொள்ளச் சொன்னார். படியேறும்போது, இரண்டாம் பாகம் எப்போது வரும் என்றும் கேட்டார். புத்தகத்தில் உள்ளதெல்லாம் செய்தாகிவிட்டது, மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லையாம்.

அந்தக் கேள்வி அவள் தூக்கத்தைக் கெடுத்தது. காலையில் எழுந்தபோது விஷயம் புரிந்துவிட்டது. எழுதியது எழுதியபடி நடக்கிற ஊர் இந்த உலகத்தில் எந்த எழுத்தாளருக்கும் வாய்த்திருக்காது. அவளுக்கு வாய்த்திருக்கிறது, அடுக்குமாடியாக இருந்தாலும். தாம்பரம் போய் வண்டி மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எழுதத் தொடங்கினாள்.

இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் தலைமைப் பொறிக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. கண் மங்குகிறது. நான்தான் என்று யார் சொன்னாலும் நம்பிக் கதவைத் திறந்துவிடுகிறது. கேசவன் படித்தார், கேட்டை அப்படியே மாற்றச் சொல்லிவிட்டார். அந்த வாரம் சோபா உறை விற்கிறவர், பழைய பேப்பர்காரர், மூன்று ஆடுகள் எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஆடுகள் என்ன சொல்லி உள்ளே வந்தன என்பது யாருக்கும் தெரியவில்லை. ஞானசௌந்தரி அவசரமாக அடுத்த அத்தியாயத்தில், பொறிக்குத் துணையாகக் கையில் சாவியோடு ஒரு மனிதரை நியமித்தாள். அப்பாதுரை மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்களை அடையாளம் கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் மதியம் தூங்குவார்.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேசவன் வாசலில் நின்று வாங்கிப் படித்தார். கேட்காமல் விடுகிற வாசகரில்லை அவர். பொறி எண்களை மறந்துபோய்ப் புள்ளி போடுவதையே விட்டுவிடுகிற இடத்தில் அவருக்குத் திருப்தி இல்லை.

“மெஷின் எப்டி மேடம் மறக்கும்? லாஜிக் இடிக்குதே.”

அதற்கும் வயசாகாதா என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, ஆகும்தான் என்று ஒத்துக்கொண்டு போனார். அன்றோடு ஒழுங்குப் புள்ளி நின்றது. எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று பொறி கேட்க, ஒருவருக்கும் பதில் தெரியாமல் விழிக்கிற அத்தியாயத்தோடு ஆறாவது சங்கும் போனது. சிலர் மட்டும் விடாமல் மாடிக்குப் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் இஷ்டம்.

ஐந்தாவது சங்குதான் அவளைப் படுத்தியது. எடுத்துவிடவும் மனம் வரவில்லை, வைக்கவும் மனம் வரவில்லை. பல நாள் தாம்பரத்திலிருந்து பீச் வரை வெறும் தாளை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தாள். கடைசியில் எழுதினாள். நகரத்துக்கெல்லாம் சங்கு ஊதுகிற முகில் வீட்டிலேயே யாரும் சங்குக்குச் சாப்பிட வருவதில்லை. ஒருநாள் அவன் சங்கை ஊதாமல் இறங்கிப் போகிறான். தட்டை எடுத்துக்கொண்டு, அவரவர் இருக்கிற இடத்துக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவ்வளவுதான் அத்தியாயம். மூன்று பக்கம்கூட வராது. இந்த மாதிரி நாவலில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கேசவன் அதை வாசலில் நின்று படித்தார்.  தாளை மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவர் மனைவி அங்காளம்மாளை ஞானசௌந்தரி பம்மல் மார்க்கெட்டில் பார்த்தாள். கேட்காமலே அவள் புலம்பினாள். மனுஷன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு பக்கத்தில் வந்து நிற்கிறார், திரும்ப இடமில்லை, குழம்பு கொட்டிச் சட்டை பாழ், ஒரே பேஜார் என்றாள். மறுநாள் மாடிக்குப் போய்த் தீனா பக்கத்தில் உட்கார்ந்தாராம். அவன் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தானாம். ஞாயிற்றுக்கிழமை ஓஎம்ஆருக்கே தூக்குவாளியோடு போயிருக்கிறார். இத்தனையும் சலித்துக்கொண்டே சொன்ன அங்காளம்மாள், வாங்கிய முருங்கைக்காயில் பாதியை ஞானசௌந்தரி பையில் போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த கூட்டத்தில் மீதிச் சங்குகளை என்ன செய்வது என்று ஓட்டெடுப்பு நடந்தது. முதல் இரண்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் போகட்டும் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஞானசௌந்தரியும் கையைத் தூக்கினாள். கொள்கை கொள்கைதான், ஆனால் தொட்டி நிரம்பப் பழகிவிட்ட வீட்டில் வேறென்ன செய்ய முடியும்? பெட்டிக்குத் தன் பேர் வேண்டாம் என்ற கோரிக்கையையும் வைத்தாள். கேசவன் ஏற்றுக்கொண்டார். மறுநாள் காலை அந்தக் குரல், வணக்கம், நான் ஞானம், என்றது. பேரை எடுத்தால் மரியாதைக்குறைவாகிவிடும் என்று பாதியை மட்டும் எடுத்ததாக விளக்கினார். அவள் அதற்கு மேல் வாதாடவில்லை.

கொஞ்ச நாளில் பக்கத்துத் தெரு அடுக்குமாடியின் செகரட்டரி சாம்பசிவன் வந்தார். கையில் இரண்டு பாகத்தின் நகலும் இருந்தது. ஒல்லியான, கவலை பிடித்த மனிதர். தங்கள் கட்டடத்துக்கும் ஒரு நாவல் வேண்டும் என்றார். ஞானசௌந்தரி அவரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினாள். இலக்கியம் என்பது நிர்வாகத் திட்டமல்ல, இப்படிப்பட்ட கதைகள் வரப்போவதைக் கண்டு அஞ்சச் சொல்பவை, செய்து பார்க்கச் சொல்பவை அல்ல என்று, கூட்டத்தில் சொன்னதைவிடத் தெளிவாகவே சொன்னாள். விமானமும் குறுக்கிடவில்லை. சாம்பசிவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். எல்லாம் சரிதான் மேடம், எங்களுக்கு செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது, யாரும் பொறுப்பெடுக்க மாட்டேன் என்கிறார்கள், ஒரு சின்ன அத்தியாயமாவது பாருங்கள் என்றார்.

எலியேசர் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிச் சிரிப்பை மறைத்தார். ஞானசௌந்தரி அந்தக் கவலை பிடித்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, உங்கள் கட்டடத்தில் எத்தனை வீடு, டேங்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தாள்.